கூட்டல் வரிசை

அடையாறு பாலத்தின் நடுவுக்கு வந்த பிறகுதான் பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதுவரை முன்னால் போய்க்கொண்டிருந்தார், மடிக்கணினிப் பையை இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கீழே ஆறு அசையாமல் கிடந்தது. பஸ் ஒவ்வொன்றும் எங்களை உரசுகிற மாதிரி கடந்துபோனது.

“கால் வலிக்குதா நைனா? பஸ்ஸு புடிச்சிர்லாமா?”

“வேணாம் பாய். நடக்கலாம்.”

“திருவல்லிக்கேணி வரைக்குமா?”

“நீங்க போற வரைக்கும்.”

அவர் பாக்கெட்டில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போட்டார். வீட்டிலிருந்து. அது நாலைந்தாவது தடவை இருக்கும். இன்றைக்கு என்ன ஆயிற்று என்று கேட்கத்தான் அழைப்பு. சொல்ல வேண்டிய நேரத்தைத் தள்ளிப்போடத்தான் இந்த நடை. பஸ்ஸில் ஏறினால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவோம்.

காந்தி நகர்ப் பக்கத்துத் தெரு ஒன்றில் உள்ள ஒரு கம்பெனியிலிருந்து வந்துகொண்டிருந்தோம். துறைமுகங்களுக்கு அலைத்தடுப்பு கட்டுகிறவர்களுக்குக் கடல் கணக்குப் போட்டுத் தருவது அவர்கள் தொழில். எங்கள் கணினி நிரல் அன்றைய சோதனையில் தேறினால் பாய்க்கு அங்கே நிரந்தர வேலை என்று பேச்சு. தேறவில்லை. சரியாகச் சொன்னால், தேறிய பிறகு பாயே வாயைத் திறந்து அதைக் கெடுத்துக்கொண்டார். அவர் உள்ளே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வாசலில் வைத்து எனக்கு ஒரு வேலை சொன்னார்கள். அவருக்கு இல்லாமல் போனதால் உண்டான வேலை அது. பாலம் முழுக்க அதைச் சொல்லாமல் கூடவே நடந்தேன்.

நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். அம்பத்தூரில் சர்வர் அறைகளுக்குக் கேபிள் இழுத்தேன். புனேயில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் கூடத்தில் காவலுக்கும் மெக்கானிக்குக்கும் நடுவே ஒரு வேலை. விளக்கு சிவப்பானால் உரியவரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டவர் வந்து என்ன செய்கிறார் என்று பின்னால் நின்று பார்ப்பேன். நான் படித்தது அப்படித்தான். பிறகு ஹைதராபாத். பிறகு கொஞ்ச காலம் வேலையே இல்லாமல் எழும்பூரில் தெரிந்தவன் அறையில், அவன் வேலைக்குப் போன நேரத்தில் அவன் பாயில் தூங்கிக்கொண்டு. தி.நகரில் ஒரு ஜவுளிக் கடைக்கு மாடிமாடியாகக் கேமரா மாட்டினேன். எங்கேயும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. பாதி இடங்களில் போகச் சொன்னார்கள். மீதி இடங்களில் ஒரு நாள் காலையில் எழுந்ததும் போதும் என்று தோன்றிவிடும்.

மயிலாப்பூர் ஆபீஸுக்கு ஒயர் சரிபார்க்க வந்தவன்தான் அங்கேயே தங்கினேன். லஸ் பக்கம் ஒரு சந்தில், பித்தளைப் பாத்திரக் கடைக்கு மேலே ஒரே அறை. நாங்கள் மூன்று பேர். மேடம் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் இருந்துவிட்டு வெளியே வந்து இதைத் தொடங்கியவர். கணிதமும் கம்பெனிகளோடு பேசுவதும் அவர் பாடு. நிரல் எழுதுவது பாய். மிஷின்களை வாடகைக்கு எடுத்து, ஓட்டி, என்ன வந்தது என்று பார்ப்பது நான். பாய் ஒரு பெரிய கம்பெனியில் இதே வேலையை வருஷக்கணக்காகச் செய்தவர். அந்தக் கம்பெனி ஒரு நாள் அந்தப் பிரிவையே மூடியது. தாடி நரைத்த பிறகு நேர்காணலுக்குப் போனால் எதிரே உட்கார்ந்திருப்பவன் இவரை ‘சார்’ என்று கூப்பிட்டு டீ கொடுத்து அனுப்பிவிடுகிறான் என்பார்.

எங்கள் வேலை என்ன என்று நான் தங்கியிருந்த மேன்ஷனில் பக்கத்து அறைக்காரர் கேட்டபோது நான் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். கடல் பெரியது, ஒரு மிஷினால் கணக்குப் போட்டு முடியாது. அதனால் கடலைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து மிஷினுக்கு ஒரு பாத்தி கொடுப்பார்கள். ஒவ்வொன்றும் தன் பாத்தியில் அலை எவ்வளவு எழும்பியது என்று நொடி நொடியாக, அடி எடுத்து வைக்கிற மாதிரி கணக்கிடும். ஆனால் ஓரத்துத் தண்ணீர் பக்கத்துப் பாத்தியையும் பொறுத்தது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஓரத்து எண்களைப் பக்கத்து மிஷின்கள் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்க வேண்டும். அந்தக் கொடுக்கல் வாங்கலைச் செய்கிற நிரலைத்தான் எங்கள் தொழிலில் லைப்ரரி என்பார்கள். புதிதாக யாரும் எழுதுவதில்லை. உலகத்தில் பலர் பல காலம் எழுதிச் சேர்த்தது. பாய் செய்தது, அடையாறு கம்பெனி மூட நினைத்த பழைய மிஷினில் ஓடிக்கொண்டிருந்த அந்த லைப்ரரியை வாடகை மிஷின்களின் வலைக்கு ஏற்ற மாதிரி மாற்றுவது.

ஒரே அறையில் கோத்துவைத்த பல மிஷின்கள் சேர்ந்ததுதான் பழைய மிஷின்; அதன் கம்பி தண்டவாளம் மாதிரி. முதலில் கிளம்பிய பெட்டி முதலில் வரும், கடைசிப் பெட்டி கடைசியில் வரும். வாடகை மிஷின்களின் வலை அப்படி இல்லை. தி.நகரிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் பல ஆட்டோக்களில் கிளம்பின மாதிரி, ஒரு செய்தியைத் துண்டு துண்டாக்கிப் பல வழிகளில் ஒரே நேரத்தில் விரட்டும். ஒரு வழி அடைத்தால் இன்னொன்று. எல்லாம் வந்து சேரும். எது முதலில் வரும் என்பதற்கு மட்டும் பொறுப்பில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தசம எண்களை மிஷின் கூட்டும்போது ஒவ்வொரு தடவையும் வாலைக் கொஞ்சம் வெட்டி எறிகிறது. எதை முதலில் கூட்டுகிறோம் என்பது மாறினால் வெட்டுகிற இடமும் மாறும், விடையின் கடைசி இலக்கங்களும் மாறும். அது பிழை இல்லை. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் பழைய மிஷின் விடையோடு ஒப்பிடும்போது இத்தனை இலக்கம் ஒத்துப்போனால் போதும் என்று ஒரு எல்லை வைத்துக்கொள்வோம். பெரிய கடலை ஓட்டியபோது மேடம் அந்த எல்லையைக் கொஞ்சம் தளர்த்தினார். அதற்கும் நியாயம் இருந்தது. கூட்டல்கள் கூடினால் வித்தியாசமும் கூடத்தானே செய்யும்.

‘கூட்டல் வரிசை’ என்பது எங்கள் அறையின் வேடிக்கைப் பேச்சாகிவிட்டது. சாம்பார் வடை சொல்லி ரசவடை வந்தால், “கூட்டல் வரிசை மச்சி, கண்டுக்காம துன்னு” என்பார் பாய். மேடம் தாமதமாக வந்து, “ஆத்துல தண்ணி வரலை” என்று ஆரம்பித்தால் நாங்கள் இருவரும் ஒரே குரலில் “கூட்டல் வரிசை” என்போம். அவரும் சிரிப்பார். தினமும் விடையில் ஒரு துளி வித்தியாசம் வரும், தினமும் இரண்டு வார்த்தை சொல்வோம், அடுத்த வேலையைப் பார்ப்போம்.

சோதனைக்கு முந்தின வாரம் ஒரு நாள் வாடகை மிஷின்கள் பக்கம் பக்கமாகக் கிடைக்கவில்லை. எப்போதும் பக்கத்தில் இருப்பவற்றையே கேட்டு வாங்குவோம், வேகம் கூடும் என்பதற்காக. அன்று யாரோ பெரிய ஆள் மொத்தமாக எடுத்துக்கொண்டுவிட்டான் போல. தள்ளித் தள்ளிக் கிடைத்ததை எடுத்து ஓட்டினேன். வித்தியாசம் எல்லைக்குள்தான் இருந்தது. ஆனாலும் எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“பாய், இன்னிக்கு கொஞ்சம் கூட இருக்கு.”

“கூட்டல் வரிசை.”

“நேத்து இவ்ளோ இல்ல.”

“நேத்து வேற வரிசை, இன்னிக்கு வேற வரிசை. இன்னா நைனா, வேலைக்குப் புதுசா?”

மேடம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “கேக்கறாரோல்லியோ, ஒருதரம் பாத்துடுங்கோளேன் பாய். அவாளும் கேப்பா.”

“பாக்கணுமா? இரு. ரெண்டு பேர் வாயையும் அடைக்கிறேன்.”

கூட்டலை எப்போதும் ஒரே வரிசையில் செய்யும்படி கட்டிப்போட்டார். நேரம் எடுக்கும், ஆனால் எத்தனை தடவை ஓட்டினாலும் கடைசி இலக்கம்வரை ஒரே விடை வந்தாக வேண்டும். “இப்ப வித்தியாசம் முட்டை வரும் பாரு” என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்து கையைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டார்.

இரண்டு தடவை ஓட்டிக் கழித்துப் பார்த்தார். முட்டை வரவில்லை. மறுபடி ஓட்டினார். வேறொரு எண் வந்தது. மறுபடியும் ஓட்டினார். கோத்த கை எப்போது கீழே இறங்கியது என்று நான் கவனிக்கவில்லை. கீழே கடையில் யாரோ அண்டாவைத் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க மறுநாள் மத்தியானம் ஆனது. லைப்ரரியின் ஒரு மூலையில் பழைய தந்திரம் ஒன்று இருந்தது. சின்னச் செய்திகளை வாங்கும்போது, வாங்குகிற மிஷின் கடைசித் துண்டை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். கடைசி வந்துவிட்டால் முன்னால் உள்ளதெல்லாம் வந்தாயிற்று என்று எடுத்துக்கொள்ளும். தண்டவாளத்தில் அது சரி, வேகமும்கூட. இந்த வலையில் கடைசி ஆட்டோ முதலிலேயே வந்து நிற்கலாம். பாய்க்குத் தெரியாததில்லை. வரிசை தப்பும் என்று தெரிந்து மற்ற எல்லா இடத்தையும் மாற்றியவர் அவர்தான். இது யாரோ எப்போதோ எழுதியது, கண்ணில் படாமல் கிடந்தது. பக்கம் பக்கமான மிஷின்களில் வரிசை பெரும்பாலும் தப்புவதே இல்லை என்பதால் எங்களுக்கும் அது தட்டுப்படவில்லை.

அப்படிக் கடைசி முந்திவிட்டால் நடுவில் வராத இடத்தில் என்ன இருக்கும்? போன அடியின் எண்கள் இருக்கும். போன அடியின் அலைக்கும் இந்த அடியின் அலைக்கும் நூலளவுதான் வித்தியாசம். கூட்டல் வரிசை மாறினால் வருமே, ஏறக்குறைய அந்த அளவு. குப்பை எண் வந்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்போம். வந்தது கொஞ்சம் பழைய உண்மை. எப்போதாவது அது கலந்து வந்ததையும் சேர்த்துத்தான் மாதக்கணக்கில் சிரித்துக்கொண்டிருந்தோம்.

பாய் அதைத் திருத்திவிட்டார். கடைசியைப் பார்க்காமல், வந்த துண்டுகளை எண்ணி, எல்லாம் வந்த பிறகே எடுத்துக்கொள்ளும்படி. விடை அசையாமல் நின்றது. வேகம் விழுந்தது. கம்பெனியின் நிபந்தனை பழைய மிஷினுக்குக் குறையாத வேகம். திருத்தியது அதற்கு எட்டவில்லை.

“வேகத்தை மறுபடி கொண்டு வர முடியாதா?” என்று மேடம் கேட்டார்.

“முடியும் மேடம். அடியிலேர்ந்து மாத்தணும். மாசக்கணக்குல ஆவும்.”

“அவா அதுவரைக்கும் காத்துண்டிருக்க மாட்டா.”

நான்தான் சொன்னேன். “பாய், பழசைக் கொண்டுபோங்க. சோதனையில தேறிடும். மொதல்ல உள்ள போய் உக்காருங்க. அப்புறம் நீங்களே சரி பண்ணிக்கலாம். யாருக்குத் தெரியப்போவுது?”

“அலைத்தடுப்புக்குக் கல்லு இன்னா சைஸ்ல போடணும்னு இந்த நம்பர வெச்சித்தான் நைனா பாப்பான்.” அவர் கோபமாகச் சொல்லவில்லை. “சோதனைல கொஞ்ச நேரம் ஓட்டுவான். நெசத்துல புயல் முழுக்க ஓட்டுவான். துளித்துளியா சேர்ந்து எங்க போய் நிக்கும்னு உனுக்குத் தெரியுமா? எனுக்கும் தெரியாது.”

“வீட்ல என்ன சொல்வீங்க?”

“அதான் தெரியல.”

மேடம் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருந்தார். “போகப்போறது உங்க வேலை பாய். நான் இதைப் பண்ணுங்கோன்னு சொல்லப்படாது. எதைக் கொண்டு வரேளோ, பக்கத்துல உக்காந்துக்கறேன்.”

சோதனை அன்று கடைசி நிமிஷம்வரை பாய் எதை ஓட்டப்போகிறார் என்று எங்களுக்குத் தெரியாது. வேகமானதையே ஓட்டினார். எதிரே இருந்த என்ஜினியர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், துறைமுகங்களில் வெயிலில் நின்ற நிறம். விடையைப் பார்த்தார், வேகத்தைப் பார்த்தார், “நல்லா இருக்கே” என்றார். மேடத்தின் கை மேஜைக்கு அடியில் புடவை நுனியை முறுக்குவதை நிறுத்தியது. பாய்க்கு வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

“சார், இன்னொரு ரெண்டு வாட்டி ஓட்டிக் காட்டட்டா?” என்றார் பாய்.

கூட்டலை ஒரே வரிசையில் கட்டிப்போட்டு, தள்ளித் தள்ளி இருக்கிற மிஷின்களில் அதே கணக்கை இரண்டு தடவை ஓட்டினார். இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வால் இலக்கங்கள் வேறு வேறாக நின்றன.

என்ஜினியர் முன்னால் குனிந்தார். “இதுல எது சரி?”

“ரெண்டும் இல்ல சார்.”

பிறகு திருத்தியதை ஓட்டினார். அது முடிகிறவரை எல்லோரும் காத்திருந்தோம், காத்திருப்பதே விடையாக இருந்தது. “இது சரி. ஆனா லேட்டு.”

என்ஜினியர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். “சொன்னது நல்லதாப் போச்சு. ஆனா என்ன செய்ய? இதை மேல கொண்டுபோனா லேட்டுங்கிறது மட்டும்தான் அவங்க காதுல விழும். வேகம் வந்ததும் வாங்க. அது வரைக்கும் பழசுலயே ஓட்டிக்கிடுதோம். ஆள் எடுக்கிற பேச்சையும் அப்பம் பாப்போம்.”

மேடம் ஆட்டோவில் முன்னால் கிளம்பினார். பாய் உள்ளே பார்வையாளர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது என்ஜினியர் என்னோடு வாசல்வரை வந்தார்.

“தம்பி, நீங்க கேபிள் வேலையெல்லாம் பாப்பீங்கள்லா? பழைய மிஷினப் பாத்துக்கிட்டிருந்த பையன், அதை மூடப்போறோம்னதும் வேற எடம் பாத்துப் போயிட்டான். இப்பம் மூடுறதா இல்லன்னு ஆயிட்டு. நாளைக்குக் காலைல வாறீங்களா?”

நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பாய் வருவது தெரிந்தது. அவர் பின்னாலேயே நடக்கத் தொடங்கினேன்.

மந்தைவெளியில் ஒரு டீக்கடை முன்னால் பாய் நின்றார். பையைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தார். வைத்த வேகத்தைப் பார்த்தால் அதற்குள் இருப்பது இனி உடைந்தாலும் பரவாயில்லை என்கிற மாதிரி இருந்தது. டீ வந்தது. இரண்டு வாய் குடிக்கும்வரை பொறுத்தேன்.

“பாய், ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு.”

“பழைய மிஷினுக்கு ஆள் வேணுமாம். என்னைக் கூப்பிட்டார்.”

“யாரு?”

“என்ஜினியர். வாசல்கிட்ட.”

அவர் கிளாஸைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். சாலையில் ஒரு தண்ணீர் லாரி சிந்திக்கொண்டே போனது.

“அப்போ நான் எழுந்திரிச்ச நாற்காலில நீ குந்திக்கினே.”

“நான் இன்னும் ஒண்ணும் சொல்லல பாய்.”

“பாலத்துல சொல்லியிருக்கலாம்ல? அங்கேர்ந்து என் பின்னாடியே பூனையாட்டம் வந்துக்கினு கீற.” குரலில் ஒரு முள் இருந்தது. அதை வாங்கிக்கொண்டேன். டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டுப் பாலை ஆற்றுவதைத் தொடர்ந்தார். பிறகு பாய் மூக்கால் சிரித்தார். “வேலைக்குன்னு போனவன் ரோட்ல நிக்கிறான். கூடப் போனவன் உள்ள குந்துறான். கூட்டல் வரிசை மச்சி.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் அதற்குமேல் வரவில்லை.

“நான் போகல. வேற யாராவது பாத்துக்கட்டும்.”

“போகாம? மேன்ஷன்ல படுத்துக்கினு ஃபேனை எண்ணப்போறியா? போ. எவனாவது தெரியாதவன் வந்தா எந்தக் கம்பி எங்கன்னு தெரியாம புடுங்கி வெப்பான். அந்த மிஷின் ஒண்ணுதான் இப்போதைக்கு ஒயுங்கா பதில் சொல்லிக்கினு கீது.” கிளாஸை வைத்தார். “நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன். நெனச்சிக்கினாலும் ரெண்டு நாளு.”

மயிலாப்பூர் போய்ச் சேர்ந்தபோது மேடம் ஆபீஸ் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். விளக்கைப் போடவில்லை. கீழே கடையிலிருந்து வெளிச்சம் ஏறி வந்துகொண்டிருந்தது.

“நடந்தா வந்தேள்? ரெண்டு பேரும் பைத்தியமா?”

தண்ணீர் கொடுத்தார். குடித்தோம். மாசக் கடைசியில் அறையைக் காலி செய்யப்போவதாகச் சொன்னார், ஏற்கெனவே பலமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தவர் மாதிரி. “ஆத்துல முன் ரூம்ல ஒரு மேஜை போட்டுக்கலாம். பாய், நீங்க காலம்பற வந்துடுங்கோ. சம்பளம்னு இப்போ வாயைத் திறந்து ஒண்ணும் சொல்ல முடியலை. ஆனா இதை விடப்படாது.”

“காலைல வரேன் மேடம். மத்தியானத்துக்கு மேல மச்சான் தோல் பை கடைல நிக்கணும். அவன் ரொம்ப நாளா கூப்ட்டுக்கினு கீறான்.”

“நிரல் எழுதற கையால பை விக்கப்போறேளா?”

“பை விக்கிறது வாயால மேடம். கை சும்மாத்தான் இருக்கும்.”

மேடம் சிரித்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் விஷயத்தைப் பாயே அவரிடம் சொன்னார், ஏதோ நல்ல செய்தி கொண்டுவந்த மாதிரி. மேடம் என்னைப் பார்த்து, “உள்ள ரொம்பக் குளிரும். ஸ்வெட்டர் இருக்கோ?” என்று மட்டும் கேட்டார்.

ராயப்பேட்டை வழியாக மீதி தூரம். எனக்கும் கால் ஓய்ந்துவிட்டது. திருவல்லிக்கேணியில் பாய் வீட்டுச் சந்து முனையில் நின்றோம். மசூதிப் பக்கமிருந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது, தெரிந்தவர்கள் அவருக்கு சலாம் சொன்னார்கள், அவரும் சொன்னார். போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை எடுத்தார். உருதில் பேசினார். எனக்கு அந்த பாஷை வராது. அவர் சொன்னது கொஞ்சம்தான், அந்தப் பக்கத்திலிருந்து வந்தது அதைவிடக் குறைவு. போனை வைத்த பிறகு பையின் வாரை இறுக்கிக்கொண்டார்.

“என்ன சொன்னாங்க?”

“பிரியாணி வெச்சிருக்காளாம். கெடைச்சிரும்னு நெனச்சி காலைலயே கறி வாங்கிட்டா.” சந்துக்குள் இரண்டு எட்டு வைத்துத் திரும்பினார். “வரியா? நெறைய இருக்கும்.”

“இன்னிக்கு வேணாம் பாய்.”

“சரிதான்” என்று சொல்லிப் போய்விட்டார்.

மறுநாள் காலை பஸ்ஸில் அடையாறு போனேன். பழைய மிஷின் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பின்பக்க அறையில் இருந்தது. கதவைத் திறந்ததும் எல்லா ஊரிலும் கேட்ட அதே இரைச்சல், அதே குளிர். முன்னால் இருந்த பையன் கிளம்பும் அவசரத்தில் எல்லாவற்றையும் அப்படியே விட்டிருந்தான். இரண்டு மின்விசிறிகள் நின்றுபோயிருந்தன. தடித்த கேபிள்கள் தரையில் கட்டில்லாமல் பின்னிக் கிடந்தன. காற்று வடிகட்டிகளில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. இதன் மேல்தான் ஒரு துறைமுகத்தின் கல்லெல்லாம் நின்றுகொண்டிருந்தது.

என்ஜினியர் கதவருகிலேயே நின்றார். உள்ளே வந்தால் குளிரும் என்று நினைத்திருப்பார்.

“எத்தன நாள் இருப்பீங்க தம்பி? போன பையன மாதிரி பாதியில விட்டுறக் கூடாது.”

இந்தக் கேள்வியை எல்லா இடத்திலும் கேட்டிருக்கிறார்கள். எல்லா இடத்திலும் ஏதோ ஒரு பொய் சொல்லியிருக்கிறேன்.

“இந்த மிஷின மூடுற வரைக்கும் இருப்பேன் சார்.”

“அது உங்க பாய் கையிலல்லா இருக்கு.”

“ஆமா சார்.”

அந்நேரம் பாய் மேடம் வீட்டு முன் அறையில் உட்கார்ந்திருப்பார். அவர் வேகத்தைப் பிடிக்கிற அன்றைக்கு இந்த அறையின் இரைச்சல் நிற்கும், எனக்கும் இங்கே வேலை இருக்காது. அதுவரைக்கும் என்று சொல்லிவிட்டுச் சேர்ந்த முதல் வேலை அது. வடிகட்டிகளைக் கழற்றி அடுக்கி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, கட்டடத்துக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போனேன்.